பாதிப் பாலத்தை இடிக்கும்போது மீதிச் சாலையைத் தாங்குவது எது?

வாளையார் வழியாகவோ, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகவோ பாலக்காட்டுக்குப் போய்வருகிறவர்கள் பாலம் மாற்றும் வேலையை எங்காவது கடந்திருப்பார்கள். பழைய பாலத்தின் ஒரு பாதி இடிபட்டுக் கிடக்கும். மறுபாதியில் லாரியும் பேருந்தும் மாறி மாறி விடப்படும். நடுவில், சாலையின் நீளவாக்கில், துருவேறிய இரும்புத் தகடுகள் மண்ணுக்குள் இறங்கி வரிசையாக நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் நான்கைந்து மீட்டர் பள்ளம். இந்தப் பக்கம் உங்கள் பேருந்தின் சக்கரம்.

2025 மே 19 அன்று மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் தேசிய நெடுஞ்சாலை 66-இன் உயர்த்திய சாலை வயலுக்குள் சரிந்த பிறகு, இப்படி ஒரு பள்ளத்தைக் கடக்கும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இது நிற்குமா? அதே ஆண்டு ஆகஸ்டில், சுரங்கப்பாதை வேலைகளால் மண்ணுத்தி–இடப்பள்ளி சாலையில் நெரிசல் தாங்கமுடியாமல் போனபோது, கேரள உயர்நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கக் கட்டணத்தையே நிறுத்திவைத்தது. ஓடும் சாலையின் ஓரத்தில் பள்ளம் தோண்டுவது எவ்வளவு சிக்கலான வேலை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

கூரியாட்டில் நடந்தது வேறு வகைச் சரிவு. அங்கே உயர்த்திய சாலையின் பாரத்தை அடியில் இருந்த வயல்மண் தாங்கவில்லை. இந்தக் கட்டுரை பேசுவது தற்காலிக மண்தாங்கலைப் பற்றி. அதாவது, சில மாதங்கள் மட்டும் நின்று, சாலையைப் பள்ளத்துக்குள் விழாமல் பிடித்து, பிறகு பிடுங்கப்படும் சுவர்.

சில சொற்கள்

பாலத்தின் இரு முனைகளிலும் தளத்தைத் தாங்கி நிற்கும் சுவர் அபட்மென்ட். அதன் பக்கவாட்டில் சாலை மண்ணை அணைத்துப் பிடிக்கும் சுவர்கள் விங் வால் அல்லது ரிட்டர்ன் வால். அபட்மென்டுக்குப் பின்னால் கொட்டி இறுக்கிய மண்ணும் அதன்மேல் போகும் சாலையும் சேர்ந்தது அப்ரோச். போக்குவரத்தை நிறுத்தாமல், பாலத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியாகக் கட்டும்போது, அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் விழும் கோட்டை இங்கே பிரிகோடு என்று சொல்வோம். தற்காலிகச் சுவர் நிற்பது இந்தப் பிரிகோட்டில்தான்.

சரிவாக வெட்டிவிட்டால் போதாதா?

இடம் இருந்தால் போதும். சுவரே வேண்டாம். சாதாரண நிரப்பு மண்ணை ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலச் சரிவில் விட்டால் அது தானாக நிற்கும். ஆனால் 4 மீட்டர் ஆழப் பள்ளத்துக்கு அந்தச் சரிவு 6 மீட்டர் அகலம் கேட்கும். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பே 7 மீட்டர்தான். சரிவு விட்டால் வண்டி ஓடச் சாலை மிஞ்சாது. பக்கத்தில் மாற்றுப்பாதை போடலாம். ஆனால் ஓடைக்குக் குறுக்கே அதற்கும் குழாய்ப் பாலம் வேண்டும், நிலம் வேண்டும், மழை வருமுன் அதை எடுத்தும் விட வேண்டும். இரண்டு பக்கமும் கடைகளும் தென்னந்தோப்புமாக நெருக்கிய இடங்களில் இதற்கு வழியே இல்லை. ஆகவே செங்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தைச் சுவர் வைத்துப் பிடிக்கிறார்கள்.

பழைய பாலம் ஒரு பெட்டி

பல விபத்துகளின் வேர் இங்கே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத இடமும் இதுதான்.

அபட்மென்டும் இரண்டு ரிட்டர்ன் சுவர்களும் சேர்ந்து மூன்று பக்கப் பெட்டியாக நின்று சாலை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாற்பது, ஐம்பது வருடம் அந்த மண் அசையாமல் இருந்தது பெட்டி முழுதாக இருந்ததால். பாலத்தின் வலப்பாதியை இடிக்கும்போது வலப்பக்க ரிட்டர்ன் சுவரும் பாதி அபட்மென்டும் போய்விடும். மிச்சமுள்ள இடப்பாதி மண்ணுக்கு வலப்பக்கத்தில் எதுவும் இல்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் மண்மேல் முழுப் போக்குவரத்தையும் ஏற்றுகிறோம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. சிறிய ஸ்லாப் பாலங்களில் தளமே இரண்டு அபட்மென்டுகளுக்கும் நடுவில் முட்டாக நின்று, இரண்டும் உள்பக்கம் சாயாமல் தடுக்கிறது. தளத்தை எடுத்துவிட்டு அபட்மென்டை அப்படியே சில வாரம் விட்டுவைத்தால், பின்னால் இருக்கும் மண் அதை ஓடைக்குள் தள்ளப் பார்க்கும். கருங்கல் வளைவுப் பாலம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வளைவின்மேல் நிரப்பிய மண்ணை இரண்டு பக்கக் கல்சுவர்கள்தாம் பிடித்திருக்கின்றன. பாதியை வெட்டும்போது ஒரு பக்கச் சுவர் போகிறது. வளைவு நின்றாலும் அதன்மேலுள்ள மண் பக்கவாட்டில் கொட்டத் தொடங்கும். வளைவைப் பாதியாக இடிக்கும் முன் அதன் அடியில் தாங்குசட்டமும், மேலே நிரப்பு மண்ணுக்குத் தடுப்பும் இரண்டுமே வேண்டும்.

மண் எவ்வளவு தள்ளுகிறது?

ஓர் எளிய கணக்கு. மண் கன மீட்டருக்கு 1.8 டன். உராய்வுக் கோணம் 30 டிகிரி. இந்த மண் பக்கவாட்டில் தள்ளும் அழுத்தம், மேலிருந்து அமுக்கும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுவர் பிடிக்கும் உயரம் 4 மீட்டர். மண் மட்டும் தள்ளும் விசை, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 4.8 டன்.

இதில் வாகன பாரம் சேர வேண்டும். அபட்மென்டுக்குப் பின்னால் ஓடும் வாகனங்களை 1.2 மீட்டர் உயரக் கூடுதல் மண்ணாக எடுத்துக்கொள்ளும்படி இந்திய சாலைக் காங்கிரசின் ஐஆர்சி 6 விதி சொல்கிறது. இறுக்கிய நிரப்பு மண்ணைக் கன மீட்டருக்கு 2 டன் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 2.4 டன். அதன் மூன்றில் ஒரு பங்கு, 0.8 டன், சுவரின் முழு உயரத்துக்கும் ஒரே சீராகத் தள்ளும். 4 மீட்டருக்கு 3.2 டன். ஆக மொத்தம் மீட்டருக்கு 8 டன்.

விசையைவிடச் சுவரை வளைக்கும் திருப்பம் (விசையை அது செயல்படும் உயரத்தால் பெருக்கியது) பெரிய செய்தி. பள்ளத்தின் தரைமட்டத்தில் கணக்கிட்டால்:

1. 4 மீட்டர் ஆழம்: மண்ணால் 6.4 டன்-மீட்டர், வாகனத்தால் 6.4. மொத்தம் 12.8.
2. 5 மீட்டர் ஆழம்: 12.5-உம் 10-உம். மொத்தம் 22.5.
3. 6 மீட்டர் ஆழம்: 21.6-உம் 14.4-உம். மொத்தம் 36.

நான்கு மீட்டருக்குக் கணக்கிட்ட சுவரின் முன்னால் ஒரே ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் திருப்பம் முக்கால் பங்கு கூடிவிடுகிறது. அதோடு, சுவரின் அடியைப் பிடித்திருந்த முன்பக்க மண்ணும் ஒரு மீட்டர் குறைகிறது. ஒருபக்கம் தள்ளுவது கூட, மறுபக்கம் எதிர்ப்பது குறைய, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. "அடியில் சேறு வருது, இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு கல் போட்டுடலாம்" என்று பொக்லைன் ஓட்டுநரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் இந்தக் கணக்கு முழுவதையும் மாற்றிவிடும்.

மேலே முட்டோ இழுகம்பியோ இல்லாமல் தன் காலில் நிற்கும் ஷீட் பைல் சுவருக்கு, அதாவது மண்ணுக்குள் வரிசையாக இறக்கிய இரும்புத் தகட்டுச் சுவருக்கு, இதே மண்ணில், ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்துக் கணக்கிட்டால், பள்ளத்தின் தரைக்குக் கீழே ஏழரை மீட்டருக்கு மேல் புதைய வேண்டும். வெளியே தெரிவது 4 மீட்டர், உள்ளே அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆக 12 மீட்டர் நீளத் தகடு. அதிகபட்ச வளைவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான், பள்ளத் தரைக்கு இரண்டரை மூன்று மீட்டர் கீழே விழுகிறது. "எட்டு மீட்டர் தகடுதான் கையிருப்பில் இருக்கிறது, அதையே அடித்துவிடலாம்" என்பது நடக்கக் கூடாத சமரசம்.

இரும்பின் அளவையும் பார்த்துவிடலாம். 400 மி.மீ. அகலமுள்ள நான்காம் வகை யு-வடிவத் தகடு மீட்டருக்கு 76 கிலோ. 12 மீட்டர்த் தகடு ஒன்று 900 கிலோவுக்கு மேல். புதிய அபட்மென்டின் அடித்தளம் 5 மீட்டர், வேலை செய்ய ஒரு மீட்டர், பின்பக்கச் சரிவு 6 மீட்டர் என்று வைத்தால் பிரிகோட்டில் 12 மீட்டர் நீளத்துக்குச் சுவர் வேண்டும். அதற்கு 30 தகடு, சுமார் 27 டன். இரண்டு கரைக்கும் 55 டன்.

தண்ணீர் சேர்ந்தால்

மேலே சொன்னது உலர்ந்த மண். சுவருக்குப் பின்னால், சாலை மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே வரை தண்ணீர் ஏறி, முன்பக்கப் பள்ளத்தை மோட்டார் வைத்து இறைத்து உலர்வாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். மண்ணின் தள்ளல் 4.8 டன்னிலிருந்து சுமார் 3.6 டன்னாகக் குறையும், நீரில் மூழ்கிய மண் எடை குறைந்து நிற்பதால். ஆனால் தண்ணீர் தனியாக 4.5 டன் தள்ளும். மொத்தம் 8.1 டன், வாகனத்தைச் சேர்க்காமலே.

கொக்கியால் ஒன்றோடொன்று கோத்த ஷீட் பைல் கிட்டத்தட்ட நீர் புகாதது. அதனால் இந்தத் தண்ணீர்ப் பாரத்தையும் சேர்த்தே அதை வடிவமைக்க வேண்டும். இரும்புத் தூண்களுக்கு நடுவே பலகை செருகும் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேறிவிடும். பாரம் குறைகிறது. ஆனால் கசியும் நீர் மணலையும் இழுத்து வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆற்றுமணல் உள்ள ஓடைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பின்பக்க நீர் தகட்டின் அடிமுனையைச் சுற்றிப் பள்ளத்துக்குள் மேல்நோக்கி ஊறும். தகடு போதிய ஆழம் இறங்காவிட்டால் அந்த ஊற்று மணலைத் தூக்கிக் கொதிக்கவைக்கும். பள்ளத்தின் தரை கஞ்சிபோலக் குழைந்தால் மோட்டாரைக் கூட்டுவது தவறு. இறைக்க இறைக்க நீர்மட்ட வித்தியாசம் கூடி நிலைமை மோசமாகும். முதலில் செய்ய வேண்டியது பள்ளத்துக்குள் தண்ணீரைத் திரும்ப விட்டு மட்டத்தைச் சமமாக்குவது. பிறகு ஜல்லி வடிகட்டியும் ஆழமான வடிகிணறும்.

எல்லைப் பக்கத்து மண்ணின் குணம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டாரத்தில், கரிசல் மண் உண்டு. மேற்கே போகப்போக வெட்டுக்கல், நம் பக்கம் செம்புறாங்கல் என்கிறோமே அந்த மண். பாலக்காட்டுக் கணவாயில் பாறை ஆழமில்லாமல் தட்டும் இடங்களும் பல. ஒவ்வொன்றுக்கும் தற்காலிகச் சுவரோடு தனிக் கணக்கு இருக்கிறது.

கரிசலும் களிமண்ணும் கோடையில் ஏமாற்றும். மூன்று மீட்டர் செங்குத்தாக வெட்டினாலும் சுவரே இல்லாமல் நாள்கணக்கில் நிற்கும். அதைப் பார்த்து "இந்த மண் நல்லா நிக்குது" என்று தகட்டைக் குறைத்துவிடுகிறார்கள். மண்ணின் ஒட்டுதிறன் சதுர மீட்டருக்கு 2 டன் என்றால், மேல்மட்டத்தில் 2.2 மீட்டர் ஆழம் வரை பிளவு விழ முடியும். ஒரு மழையில் அந்தப் பிளவு நிறைந்தால், பிளவுத் தண்ணீர் மட்டுமே மீட்டருக்கு 2.4 டன் தள்ளும். அதே மழையில் மண் ஊறி ஒட்டுதிறனும் குறையும். கரிசல் உப்பவும் செய்யும். கோடையில் நின்றதை வைத்து மழையில் நிற்கும் என்று எண்ணவே கூடாது.

வெட்டுக்கல்லின் ஏமாற்று வேறு விதம். மேலே கல்லாக இறுகி நிற்கும். அடியில் மென்மையான வெளிர்நிறக் களிமண் இருக்கும். அடி நனைந்து பிதுங்கினால் மேலே இருக்கும் கடினப் பாளம் துண்டாகச் சாயும். சோதனைக் குழி இரண்டு மீட்டரில் நின்றுவிட்டால் இந்தக் களிமண் யாருக்கும் தெரியாது.

பாறை ஐந்தாறு மீட்டரிலேயே தட்டினால் 12 மீட்டர்த் தகடு இறங்காது. அடித்துக்கொண்டே இருந்தால் முனை மடங்கும், கொக்கி பிரியும். அங்கே துளையிட்டு இறக்கும் தூண்தான் வழி.

மழைக் கணக்கும் இங்கே இரட்டை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில். ஓடைக்குள் வேலை செய்ய நம்பகமான காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கட்டமும் ஒரே கோடையில் முடியாது. ஆகவே தற்காலிகச் சுவர் ஒரு மழைக்காலத்தையாவது பார்த்தே தீரும். "கோடையில் முடித்துவிடுவோம்" என்று உலர்மண்ணுக்கு மட்டும் கணக்கிடுவது, நடக்காத ஒன்றை நம்பிச் செய்யும் கணக்கு.

எந்த வகைச் சுவர்?

வகைகள் பல இருந்தாலும் அடிப்படைப் பிரிவு இரண்டுதான்: வெட்டும் இடத்துக்கு மேலிருந்து கீழே இறக்கும் சுவர், நிரப்பும் இடத்துக்குக் கீழிருந்து மேலே எழும் சுவர். முதல் கட்டத்தில் பழைய மண்ணை வெட்டுகிறோம், முதல் வகை. புதிய பாதிக்கு மண் நிரப்பும்போது இரண்டாம் வகை.

ஷீட் பைல்: மணல், களிமண், நீர்மட்டம் உயர்ந்த இடங்களுக்கு. அதிர்வுச் சுத்தியலால் இறக்குவார்கள். முட்டில்லாமல் நான்கைந்து மீட்டர் வரை.

தூணும் பலகையும்: ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் இடைவெளியில் துளையிட்டு, ஐ-வடிவ அல்லது எச்-வடிவ இரும்பை இறக்கி, பள்ளத் தரைக்குக் கீழே கான்கிரீட் நிரப்பி, தோண்டத் தோண்ட நடுவில் பலகை செருகுவது. கல்லும் பாறையும் உள்ள இடத்துக்கு ஏற்றது. அதிர்வு குறைவு. பழைய கல்கட்டுப் பாலம் பக்கத்தில் இருந்தால் இதுவே நல்லது.

மண் ஆணி: வெட்டுக்கல் போன்ற கெட்டி மண்ணில் கம்பிகளைத் துளையிட்டுச் செருகி, முகத்தில் வலைபோட்டுக் கான்கிரீட் பீய்ச்சுவது. ஆனால் ஆணிகள் ஓடும் சாலையின் அடியில் போகும். அங்கே குடிநீர்க் குழாயும் கேபிளும் எங்கே என்று தெரியாமல் துளை போடக் கூடாது.

மணல் மூட்டை அடுக்கு, தென்னந்தடி, சவுக்குக் கம்பு எல்லாம் இரண்டு மீட்டருக்கு உட்பட்ட வடிகால் வேலைக்கு உதவும். நெடுஞ்சாலை பாரத்தின் பக்கத்தில் நான்கு மீட்டர்ப் பள்ளத்துக்கு இவை சுவர் ஆகா.

உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் சுவரின் தலையைப் பிடிக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து சாய்முட்டு வைக்கலாம். ஆனால் அது புதிய அபட்மென்டின் கம்பிக்கட்டுக்குக் குறுக்கே நிற்கும். சாலைக்கு அடியில் குறுக்காக டை ராட் என்னும் இழுகம்பி ஓட்டி எதிர்ப்பக்கத்தில் கட்டைக் கான்கிரீட்டில் கட்டலாம். அந்தக் கட்டை, சுவருக்குப் பின்னால் ஆப்பு வடிவில் சரியக்கூடிய மண்ணுக்கு (மண் ஆப்பு) வெளியே இருந்தால்தான் பிடிக்கும். சரியும் மண்ணுக்குள்ளேயே வைத்தால், மண்ணோடு சேர்ந்து அதுவும் வரும்.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

1. பிரிகோட்டில் கரைக்கு ஒன்றாவது, புதிய தகட்டின் அடிமுனைக்குக் கீழே வரை மண் துளைச் சோதனை. பழைய பாலத்தின் அடித்தளம் எவ்வளவு அகலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சோதனைக் குழி. பழைய வரைபடம் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் தோண்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. தகடு அந்தக் கல் அடித்தளத்தில் மோதினால் அந்த இடத்தில் சுவரில் ஓட்டை.

2. குழாய், கேபிள் இடமாற்றம். சுவருக்குப் பின்னால் கசியும் ஒரு குடிநீர்க் குழாய், மழையே இல்லாமல் மழைக்காலத்தைக் கொண்டுவந்துவிடும்.

3. இடிக்கும் முன்பே தகடு இறக்குதல். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் இடிப்பு, மண் சரிந்த பிறகு தகடு.

4. தகட்டுக்கும் புதிய கான்கிரீட்டின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் இடம் விடுதல். முதல் பாதியின் கம்பிகள் இரண்டாம் பாதிக்குள் நீள வேண்டும். பலகை அடைக்கவும் கை போக வேண்டும். இடம் விடாவிட்டால் கம்பியை மடக்கிவைத்துப் பிறகு நிமிர்த்துவார்கள், அல்லது நீட்டாமலே விட்டுவிடுவார்கள். இரண்டுமே நிரந்தரப் பாலத்தின் குறையாக நின்றுவிடும். இடம் போதாத இடத்தில் கம்பிகளை முனையோடு முனை சேர்க்கும் திருகு இணைப்பான் வைக்க வேண்டும்.

5. பாதிப் பாலத்தை வாளால் நேராக அறுத்துப் பிரித்து, பிறகு இடித்தல். அறுக்காமல் உடைப்பான் வைத்துத் தட்டினால், போக்குவரத்து ஓடும் பாதியும் அதிரும்.

6. ஒன்று முதல் ஒன்றரை மீட்டர்ப் படிகளாகத் தோண்டுதல். முட்டு வைக்க வேண்டிய மட்டம் வந்ததும் நிறுத்தி, வேலர் பீமும் (தகடுகளைக் குறுக்கே சேர்த்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) முட்டும் இறுக்கி, பிறகுதான் அடுத்த படி.

7. பள்ளத் தரை எட்டிய அன்றே மட்டக் கான்கிரீட். திறந்த தரை மழையில் குழைந்தால் சுவரின் முன்பக்கப் பிடி போய்விடும். மட்டக் கான்கிரீட் இறுகியதும் அது ஒரு முட்டாகவும் வேலை செய்யும்.

8. அபட்மென்ட் எழுந்து, பின்னால் மண் நிரம்பி வரும் மட்டத்துக்கு ஏற்ப முட்டுகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக எடுத்தல்.

எங்கே தவறுகிறது?

வேலர் பீமுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடைவெளி மூடும்வரை தகடு முட்டு இல்லாததுபோலவே நடந்துகொள்ளும். இரண்டு சென்டிமீட்டர் முன்னால் வந்த பிறகுதான் முட்டு வேலையைத் தொடங்கும். அதற்குள் சாலையில் விரிசல் விழுந்துவிட்டிருக்கும். இரும்பு ஆப்பு அடித்து, பற்றவைத்து, அந்த இடைவெளியை மூடுவது அரை மணி நேர வேலை. அதிர்வில் ஆப்பு தளரும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கவும் வேண்டும்.

பலகைச் சுவரின் கோளாறு இன்னும் நயவஞ்சகமானது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு பலகைக்கு நடுவே உள்ளங்கை அளவு சந்து. கசியும் நீர் கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மணல் வெளியேறுகிறது என்று பொருள். தெளிவாக வரும் கசிவு பரவாயில்லை. கலங்கல் நீரைக் கண்டால் அன்றே ஜியோ டெக்ஸ்டைல் துணியும் ஜல்லியும் வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலைக்கு அடியில் பானைபோல ஒரு குழி உருவாகும். தார்ப்பரப்பு அதன்மேல் சில நாள் பாலம்போல நிற்கும். மேலிருந்து பார்த்தால் சாலை ஒழுங்காகவே தெரியும், ஒரு பின்சக்கரம் உள்ளே இறங்கும்வரை.

அள்ளிய மண்ணையும் ஜல்லியையும் விளிம்பிலேயே குவிப்பது அடுத்தது. விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர், அல்லது பள்ள ஆழத்தில் பாதி, எது அதிகமோ அதற்கு அப்பால்தான் குவிக்கலாம். நான்கு மீட்டர்ப் பள்ளத்துக்கு இரண்டு மீட்டர். கான்கிரீட் லாரியும் கிரேனும் சுவரை ஒட்டி நிற்பது இதைவிட மோசம். கிரேனின் ஒரு கால் தரும் பாரம், கணக்கில் எடுத்த 2.4 டன்னைப் பலமடங்கு தாண்டும். எந்த இடத்தில் கிரேன் நிற்கும் என்று முன்பே குறித்து, அந்த இடத்துக்குத் தனியே கணக்கிட்டிருக்க வேண்டும்.

அதிர்வுச் சுத்தியலும் சிக்கல் தரும். தளர்வான மணல் நிரப்பு அதிர்வில் அமுங்கி, சாலை இறங்கும். பழைய கல்கட்டின் சுண்ணாம்புப் பூச்சு விரியும்.

சாலையில் போகிறவர்களும் அறிய வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: சுவருக்கு இணையாக, ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, தாரில் ஓடும் நீளமான விரிசல். குறுக்கு விரிசல் சாதாரணம். இணை விரிசல், அதிலும் விரிசலுக்கு இருபுறமும் மட்டம் வேறுபட்டால், மண் ஆப்பு நகரத் தொடங்கிவிட்டது. செய்ய வேண்டியவை வரிசையாக: அந்த விளிம்பிலிருந்து வண்டிகளைத் தள்ளிவிடுதல், விரிசலைத் தார் ஊற்றி மூடித் தண்ணீரைத் தடுத்தல், சுவரின் முன்னால் மண்ணைத் திரும்பக் கொட்டி முட்டுக் கொடுத்தல். வெறுமனே தார் பூசி விரிசலை மறைத்துவிட்டு வண்டியை ஓடவிடுவது குற்றத்துக்குச் சமம்.

தகட்டின் தலையில் குறிவைத்து, டோட்டல் ஸ்டேஷன் கருவியால் தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் எச்சரிக்கை, எத்தனையில் வேலை நிறுத்தம் என்பது தோண்டும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மொத்த நகர்வைவிட வேகம் கூடுதல் செய்தி சொல்லும்: பத்து நாளில் பத்து மில்லிமீட்டர் வேறு, ஒரே இரவில் பத்து மில்லிமீட்டர் வேறு.

ஏன் இவ்வளவும் விடுபடுகிறது?

பதில் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில், கட்டுமானங்களுக்கான தோண்டல் பற்றிய 304-ஆம் பிரிவு, தகடு இறக்குதல், முட்டுக் கொடுத்தல், பிறகு அவற்றை அகற்றுதல் எல்லாம் தோண்டலுக்கான விலையிலேயே அடக்கம் என்கிறது. அதாவது 55 டன் இரும்புக்கு ஒப்பந்தப் பட்டியலில் தனி இனம் கிடையாது. ஒரு கன மீட்டர் மண் அள்ளும் விலைக்குள் அது அடங்க வேண்டும். குறைந்த விலை கோரியவருக்கு வேலை போகும்போது, முதலில் குறைவது இதுதான். சின்ன வடிகாலுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஓடும் நெடுஞ்சாலையைத் தாங்கும் சுவருக்குப் பொருந்தாது. நான்கு மீட்டருக்கு மேல் சாலையைப் பிடிக்கும் தற்காலிகச் சுவர் என்றால் தனி அளவு, தனி விலை, தனி வரைபடம், வடிவமைத்தவர் அல்லாத இன்னொரு பொறியாளரின் சரிபார்ப்பு நான்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தற்காலிகக் கட்டமைப்புகளுக்கென்றே ஐஆர்சி 87 என்ற வழிகாட்டி இருக்கிறது. மண்ணுக்குச் சுவர் ஆறு மாதத்துக்கா அறுபது வருடத்துக்கா என்று தெரியாது. அதே 8 டன்னைத்தான் தள்ளும்.

இரண்டாம் கட்டம்

முதல் பாதி முடிந்து போக்குவரத்து புதிய பாதிக்கு மாறியதும் பெரும்பாலோர் மூச்சு விட்டுவிடுகிறார்கள். ஆனால் இப்போது தாங்க வேண்டிய பக்கம் மாறிவிட்டது. பழைய இடப்பாதியை இடிக்கும்போது, புதிதாக நிரப்பிய வலப்பாதி மண் திறந்து நிற்கும். வெள்ள மட்டத்துக்கு மேலே பாலத்தை உயர்த்தியிருந்தால் புதிய சாலை பழையதைவிட உயரம். பிடிக்க வேண்டிய உயரமும் கூடும். நான்கு மீட்டருக்கு அடித்த அதே தகடு ஐந்து மீட்டர் பிடிக்க வேண்டிவரும். மேலே பார்த்தோம், அது 12.8-க்கும் 22.5-க்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே கீழிருந்து எழும் சுவர் பொருத்தம். 30 முதல் 50 செ.மீ. அடுக்காக மண்ணை இறுக்கி, ஒவ்வொரு அடுக்கின் முகத்திலும் ஜியோ டெக்ஸ்டைல் துணியையோ கம்பிவலையையோ மடித்து உள்ளே நீட்டுவது. உள்ளே நீளும் பகுதி சுவர் உயரத்தில் பத்தில் ஏழு பங்காவது இருக்க வேண்டும். பின்னால் நிரப்பு மண் வடியும் கிராவலாக இருக்க வேண்டும். தோண்டி எடுத்த கரிசலையே திரும்பப் போடக் கூடாது. துணி வெயிலில் நலியும் என்பதால் முகத்தை மாதக்கணக்கில் திறந்து விடாமல் மூடிவைக்க வேண்டும். இதை முதல் கட்டத்திலேயே, மண் நிரப்பும்போதே கட்ட வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை.

தகட்டைப் பிடுங்கும்போது

கடைசி வேலை, கவனம் மிகக் குறையும் வேலை. தகட்டை அதிர்வோடு இழுக்கும்போது அதன் மடிப்புகளில் ஒட்டிய களிமண்ணும் கூடவே மேலே வரும். தகடு இருந்த இடமும் அந்த மண் இருந்த இடமும் நீளவாக்கில் வெற்றிடமாகிவிடும். அது புதிய சாலையின் சரியாக நடுவில். அடுத்த மழைக்குப் பிறகு நடுச்சாலையில் ஒரு பள்ளக்கோடு விழுந்து, எத்தனை முறை தார் போட்டாலும் திரும்ப இறங்குவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு தகடாக மெதுவாக இழுத்து, இழுத்த கையோடு சிமென்டும் பெந்தோனைட் களிமண்ணும் கலந்த குழம்பை அடியிலிருந்து நிரப்ப வேண்டும். தகடு புதிய அடித்தளத்தை ஒட்டி நின்றாலோ, களிமண்ணில் இறுகிவிட்டாலோ பிடுங்காமல் விடுவதே நல்லது. சாலை மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே அறுத்துவிட்டு, மேலே மண்ணை இறுக்கி, எங்கே எத்தனை தகடு விடப்பட்டது என்று முடிவு வரைபடத்தில் குறிக்க வேண்டும். இருபது வருடம் கழித்து அங்கே குழாய்க்குத் தோண்டுகிறவருக்கு அந்த ஒரு கோடு வேண்டும்.